மிஸ்ஸி ஏன் கெண்டைக்காலைப் பார்க்கிறார்?

ஜொகூரில் பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாயைப் பார்க்க, கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து மிஸ்ஸி வருவார். முதல் பத்து நாளில் பல தடவை வருவார். குழந்தையின் தொப்புளைப் பார்ப்பார், கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார், தாயின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு பாயில் கால் நீட்டச் சொல்லி, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, “ஒரு பக்கம் மட்டும் வலி இருக்காம்மா?” என்று கேட்பார்.

“பிள்ளை பெத்த உடம்பு, கால் வீங்கத்தானே செய்யும்” என்று வீட்டுப் பெரியவர்கள் முந்திக்கொள்வதுண்டு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால், உள்ளே ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடக்கூடும். மலேசியாவில் பிரசவத்தை ஒட்டிய தாய் மரணங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இரத்தக்கட்டியைத் தடுக்கவும் குணப்படுத்தவும் சுகாதார அமைச்சு 2013இல் தனி வழிகாட்டி நூலையே வெளியிட்டது.

கையில் கத்தி பட்டால் இரத்தம் உறைய வேண்டும். பட்ட இடத்தில் உறைந்து, அங்கேயே நிற்கவும் வேண்டும். அப்படி நிறுத்துவதற்கென்று இரத்தத்திலேயே சில புரதங்கள் உண்டு. உறைதலை முன்னின்று நடத்தும் த்ராம்பினை நேராகப் பிடித்து முடக்குவது ஆன்டித்ராம்பின். புரதம் சி வேறு வழியில் போகிறது. உறைய வைத்துக்கொண்டிருக்கும் அதே த்ராம்பின், காயம் படாத குழாய்ச் சுவரைத் தொட்டதும் அங்குள்ள த்ராம்போமாடுலினோடு சேர்ந்து கட்சி மாறுகிறது. புரதம் சியைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த புரதம் சி, புரதம் எஸ்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உறைதலை வேகப்படுத்தும் ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டிப் போடுகிறது. உடம்புக்குள் இதைவிட நுட்பமான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

பெயர்களுக்குப் பெரிய பொருளில்லை. சுவீடனில் யோஹான் ஸ்டென்ஃப்லோ 1976இல் மாட்டு இரத்தத்திலிருந்து புரதங்களைப் பிரித்தபோது மூன்றாவதாக வந்தது ‘சி’. சியாட்டில் நகரில் கண்டெடுத்தது ‘எஸ்’.

இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால் என்ன ஆகும்? நார்வேயில் ஒரே குடும்பத்தில் பலருக்கு இரத்தம் கட்டுவதைக் கண்ட ஓலாவ் எகெபெர்க், அவர்களுக்கு ஆன்டித்ராம்பின் குறைவாக இருப்பதை 1965இல் எழுதினார். புரதம் சி, எஸ் குறைபாடுகள் 1980களில் தெரியவந்தன. இரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டும், ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் ‘ஃபாக்டர் ஐந்து லைடன்’ மரபணு மாற்றம் சீனரிடமும் ஜப்பானியரிடமும் மிக அரிது. கிழக்காசிய மக்களிடம் இரத்தக்கட்டிக்குப் பின்னால் உள்ள பிறவிக் காரணங்களில் பெரும்பாலும் தென்படுபவை புரதம் சி, எஸ், ஆன்டித்ராம்பின் குறைபாடுகளே.

குறைபாடு உள்ள பலர் ஒன்றும் நேராமல் பல ஆண்டுகள் வாழ்ந்துவிடுகிறார்கள். கர்ப்பம், சிசேரியன், நீண்ட படுக்கை, கருத்தடை மாத்திரை என்று ஏதாவது ஒன்று கூடும்போதுதான் சிக்கல். பேறுகால இரத்தப்பெருக்கை நிறுத்தத் தயாராகும் உடம்பு, உறைய வைக்கும் காரணிகளைக் கூட்டி, புரதம் எஸ்ஸைக் குறைத்துவிடுகிறது. எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்கும். பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு மிச்சம் ரொம்பக் கொஞ்சம். பிரசவத்துக்குப் பின் வரும் ஆறு வாரமே ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். பத்தியம் என்ற பெயரில் தாயைப் படுக்கையிலேயே கிடத்துவது அதனால்தான் தவறு. எழுந்து நடக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

ஆபத்து அதிகமுள்ள தாய்க்கு, இரத்தம் கட்டாமல் தடுக்கத் தினம் ஒரு ஊசி எழுதித் தருவார்கள்; சிலருக்குச் சில நாள், சிலருக்கு ஆறு வாரம். அந்த ஊசியைச் சுற்றி மலேசியாவுக்கே உரிய ஒரு கதை உண்டு. ஹெப்பாரின் வகை மருந்துகள் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. மாற்று மருந்து இருப்பதால், அவ்வகையைச் சேர்ந்த க்லெக்சேன், ஃப்ராக்சிபரின் ஆகியவற்றை முஸ்லிம்கள் பயன்படுத்தக் கூடாது என்று தேசிய ஃபத்வா குழு 2009 ஜூனில் முடிவு செய்தது. அந்த மாற்று, அரிக்ஸ்ட்ரா எனப்படும் ஃபொண்டாபாரினக்ஸ். ஹெப்பாரின் தானாக இரத்தக்கட்டியைத் தடுப்பதில்லை. ஆன்டித்ராம்பினைப் பிடித்து, அதன் வேகத்தை ஆயிரம் மடங்கு வரை ஏற்றுகிறது. அப்படிப் பிடிக்கும் பகுதி ஐந்தே ஐந்து சர்க்கரைக் கண்ணிகள்தான். அந்த ஐந்தை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்தெடுத்ததே ஃபொண்டாபாரினக்ஸ். விலங்கு எதுவும் அதில் இல்லை என்பது, சைவம் கடைப்பிடிக்கும் இந்துக் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நெருங்கிய உறவில் பெண் எடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாகப் போகவில்லை. பெற்றோர் இருவருமே புரதம் சி குறைபாட்டைச் சுமந்தால், பிறக்கும் குழந்தை அப்புரதம் அறவே இல்லாமல் பிறக்கக்கூடும். பிறந்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ தோலில் கருநீலத் திட்டுகள் பரவும், கண்பார்வையும் போகலாம். உடனே பிளாஸ்மாவோ புரதம் சி மருந்தோ ஏற்றினால் காப்பாற்ற வழியுண்டு. அந்தத் திட்டை அடிபட்ட காயம் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பெரும்பாலான உறைதல் காரணிகளைக் குறைக்கும் முன்பே புரதம் சியைக் குறைத்துவிடும். ஆகவே முதல் சில நாட்கள் ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே போகும். “ரெண்டும் எதுக்கு?” என்று ஒன்றை நிறுத்திவிடுபவர் தம்மையறியாமல் ஆபத்தை இழுத்துக்கொள்கிறார்.

பரிசோதனைக்கும் காலம் பார்க்க வேண்டும். கர்ப்பத்திலும், இரத்தம் கட்டியிருக்கும்போதும், வார்ஃபரின் சாப்பிடும்போதும் இப்புரதங்கள் சிலவற்றின் அளவு தானாகவே குறைவாகத்தான் காட்டும். அதனால் பிரசவம் முடிந்து ஆறு வாரமாவது கழித்தே நீல மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பார்கள். இரத்தச் சோதனைக்கு முன்பே பயன்படக்கூடியது குடும்பத்தின் நினைவு: அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, அக்காவுக்கு யாருக்காவது பிள்ளைப்பேற்றின்போது ஒரு கால் வீங்கியதா, சின்ன வயதிலேயே திடீரென்று மூச்சுத் திணறி யாராவது போனார்களா? கிளினிக்கில் முதல் தடவை பெயர் பதியும் நாளிலேயே கர்ப்பிணி இதை மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டால், பதிவுப் புத்தகத்தில் ஏறி, பிரசவ அறை வரை அந்தத் தகவல் கூடவே போகும்.