கடைக்கு லேப்டாப் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை



2021-ஆம் வருடம் பங்குனி மாதம். வருடக் கணக்கு முடிக்கிற நேரம். காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, கணக்குப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி. வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆனா கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார். கிடைக்கவில்லை.

அதற்குள்தான் எங்கள் மண்டியில் கடனுக்குச் சரக்கு எடுக்கும் 140 கடைகளின் பற்று வரவு இருந்தது. பில் நகல்களை வைத்து அனுப்பிய சரக்கைக் கண்டுபிடித்துவிட்டோம். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதுதான் சிக்கல். பெரும்பாலானவர்கள் தங்கள் சிட்டையைக் கொண்டுவந்து காட்டி நேர்மையாக நடந்துகொண்டார்கள். அவர்களுக்கு என்றும் நன்றி. ஆனாலும் ஏறக்குறைய 1,80,000 ரூபாய் வராமலே போயிற்று. அந்த மெஷின் நான் 2019-ல் 14,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய சரக்கு. மலிவாக முடித்துவிட்டேன் என்று அப்போது பலரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முன்பு நேர்மாறாக ஒரு தவறு செய்திருந்தேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஆடிட்டர் நெருக்கியதால் மறுவருடம் 58,000 ரூபாய் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினேன். பார்க்க அழகு. எடை ஒன்றேகால் கிலோ. விற்ற பையன் அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினான். கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் வலது பக்கத்து எண் கட்டம் கிடையாது. முப்பது வருடமாகக் கால்குலேட்டரில் பார்க்காமலே தட்டிப் பழகிய எங்கள் கணக்குப்பிள்ளைக்கு, மேல் வரிசையில் எண்களைத் தேடித் தட்டுவது தண்டனையாக இருந்தது. ஒரு மாதத்தில் பழைய பேரேட்டை எடுத்துவிட்டார். நெட்வொர்க் ஒயர் செருகும் இடமும் அதில் இல்லை. கல்லாவைவிட்டு நகராத மெஷினுக்கு எடை குறைந்தால் நமக்கு என்ன லாபம்?

இந்த இரண்டு அடியும் பட்ட பிறகு, 2022-ல் வத்தல் கொள்முதல் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து மூன்றாவது மெஷினை வாங்கினேன். 41,000 ரூபாய் ஆயிற்று. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் விலை மிளகாய் விலை போல ஏறி இறங்குவதால் இன்றைய விலையை நான் எழுதவில்லை. எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், லேப்டாப்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அதே விலைக்கு மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கினால் வேகம் கூடுதலாகக் கிடைக்கும், ரிப்பேரும் சுலபம். ஆனால் கரண்டு போனால் தனியாக யு.பி.எஸ். வேண்டும், இடமும் அடைக்கும். கணக்கை இரவில் வீட்டுக்கோ, மாதக் கடைசியில் ஆடிட்டரிடமோ கொண்டு போகிறவர்களுக்கு லேப்டாப் சரி. தினம் இருபது பில் போடும் சிறு மளிகைக் கடை என்றால் இரண்டுமே வேண்டியதில்லை. செல்போனில் பில் போடும் வசதியே போதும். அவசரப்பட்டு முதலை முடக்காதீர்கள்.

லேப்டாப் என்று முடிவு செய்தால் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க். பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளே தட்டு சுழலும், அதன் மேல் ஊசி போல ஒன்று ஓடும். மேஜை ஆடினாலும், மூட்டை விழுந்து அதிர்ந்தாலும் அடிபடும். இப்போது எஸ்.எஸ்.டி. என்று வருகிறது. அதில் சுழலும் பாகமே இல்லை, பல மடங்கு வேகமும் உண்டு. நம் கணக்குகளுக்கு 256 ஜி.பி. தாராளம், 512 இருந்தால் நல்லது. மிக மலிவான மெஷின்களில் இ.எம்.எம்.சி. என்று ஒன்றைப் போட்டு 64 ஜி.பி. கொடுப்பார்கள். அதைத் தொடாதீர்கள். ஒரு வருடத்தில் இடமில்லாமல் திணறும்.

அடுத்தது ராம் எனும் நினைவகம். 8 ஜி.பி. வேண்டும். 4 ஜி.பி.யிலும் டேலி ஓடும். ஆனால் பக்கத்தில் ஜி.எஸ்.டி. தளத்தையும் வங்கிக் கணக்கையும் திறந்தால் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் ராம் கூட்ட ஒரு காலி இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது.

பிராசசர் விஷயத்தில்தான் கடைக்காரர்கள் நம்மை அதிகம் மிரட்டுவார்கள். பில் போடவும் இருப்புப் பார்க்கவும் ஐ3 அல்லது ரைசன் 3 வகையே போதும். விளையாட்டுக்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த மெஷினை, 'அப்பாவுக்கும் ஆகும்' என்று சொல்லி உங்கள் மகன் கேட்கலாம். அது அவனுக்குத்தான் ஆகும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனி விண்டோஸ் 11 வேண்டும். இன்டெல்லில் அது பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏறும். எண்ணைப் பார்த்தே தலைமுறையைக் கண்டுபிடிக்கலாம். ஐ5-6200 என்றால் 6-ஆம் தலைமுறை, வேண்டாம். ஐ5-8250 என்றால் 8, எடுக்கலாம். ஐ5-1135 என்று இருந்தால் முதல் இரண்டு எண்ணைச் சேர்த்து 11. 'ஐ5 சார், ராஜா மெஷின்' என்று சொல்லி 6-ஆம் தலைமுறையைத் தலையில் கட்டுகிற கடைகள் இருக்கின்றன. புதிதிலும் விலை நன்றாகக் குறைந்திருந்தால் பட்டியலில் 'டாஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்குத் தனிக் காசு என்று அர்த்தம். பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. குரோம்புக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு அதில் டேலியை ஏற்ற முடியாமல் நிற்காதீர்கள்.

கீ-போர்டு பற்றிச் சொல்லிவிட்டேன். 15.6 அங்குலத் திரை உள்ளவற்றில் பெரும்பாலும் எண் கட்டம் இருக்கும், 14 அங்குலத்தில் இருக்காது. 14 அங்குலமே பிடித்திருந்தால் தனி எண் பலகை வாங்கிச் செருகிக்கொள்ளலாம், செலவு சில நூறுதான். கடையில் எதை எதைச் செருகுவோம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மவுஸ் என்று மூன்று யு.எஸ்.பி. துளை போய்விடும். எலெக்ட்ரானிக் தராசை இணைப்பவர்கள் அதன் பழைய வகை ஒயருக்கு ஒரு மாற்றுக் கம்பி வாங்க வேண்டும், இப்போதைய லேப்டாப்புகளில் அந்தத் துளை கிடையாது.

நம் தொழிலுக்கே உரிய எதிரி தூசி. வத்தல், மல்லி, மாவு எல்லாம் காற்றில் மிதக்கிற இடத்தில் லேப்டாப்பின் சிறு விசிறி அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். தூசி அடைத்தால் சூடேறி வேகம் குறையும், பாகங்களின் ஆயுளும் குறையும். எங்கள் பழைய மெஷினைப் பிரித்தபோது கைப்பிடி அளவு சிவப்புத் தூள் வந்தது, ரிப்பேர்காரர் பத்து நிமிடம் தும்மினார். இப்போது மெஷினைச் சாக்கு மேலோ துணி மேலோ வைப்பதில்லை. எடை போடும் இடத்துக்கு எதிர்ப்புறம் மரப்பலகை மேல் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்கிறோம்.

வாரண்டியில் ஒரு வருடமா மூன்று வருடமா என்பதைவிட, ஆள் கடைக்கே வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். விருதுநகரிலிருந்து ஒரு ரிப்பேருக்காக இரண்டு முறை மதுரை போய் வந்தால் நமக்கு இரண்டு நாள் வியாபாரம் போகிறது.

பணம் கொடுக்கும்போது பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கட்டும். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். கடை உபயோகத்துக்கு வாங்கியதற்கு அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்காது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வரியை உள்ளீடாக எடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் தேய்மானம் பாதிதான், ஆகவே மார்ச் மாதம் ஓடிப்போய் வாங்குவதில் அவ்வளவு லாபமில்லை. ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவுக்குத் தேய்மானமே கிடையாது. செக்கிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

பட்ஜெட் போடும்போது மெஷினோடு சேர்த்து ஒரு வெளி டிஸ்க்கும் ஒரு பென் டிரைவும் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. சத்தம் போடாது, ஆனால் அதுவும் ஒருநாள் போகும். தினம் கல்லா எண்ணி முடித்ததும் கணக்குப்பிள்ளை பென் டிரைவில் கணக்கை நகல் எடுப்பார். அது என் சட்டைப் பையில் வீட்டுக்கு வரும். சனிக்கிழமை வெளி டிஸ்க்கில் ஒரு நகல். பாக்கிப் பட்டியலை மாதம் ஒருமுறை தாளில் அச்சடித்து பீரோவில் வைக்கிறோம். தாள் செலவு என்று மகன் சொல்கிறான், சொல்லட்டும்.

அந்த 58,000 ரூபாய் மெஷினைப் போன வருடம் விற்றேன். பெயர், பாக்கி, வங்கி விவரம் எல்லாம் ஒரு காலத்தில் அதில் இருந்ததால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுத்தேன். வாங்கியவர் அதற்காக 1,500 ரூபாய் குறைத்துக்கொண்டார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.