ஒரு கிட்டாருக்கு எத்தனை பிறந்த தேதி?

2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரு வெள்ளை நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை ஏலம் விட்டது. உரிமையாளர், பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர். கழுத்தையும் உடலையும் இணைக்கும் உலோகத் தகட்டில் பொறித்திருந்த எண், 0001. ஏலத்தில் போன விலை 18.15 லட்சம் டாலர்.

எண்ணைப் பார்க்கிற யாரும் உலகின் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதுதான் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதன் கழுத்தில் உள்ள தேதி 1954 ஜூன். உடலில் உள்ளது 1954 செப்டம்பர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலையிலிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் வெளியே போகத் தொடங்கியிருந்தன. எண் ஒன்று என்பதால் அது முதல் கிட்டார் ஆகிவிடவில்லை.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைக்கும் எவருக்கும் இதுதான் முதல் பாடம். ஒரு கிட்டாருக்கு ஒரே ஒரு பிறந்த தேதி கிடையாது. கழுத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் மின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று பல தேதிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. பழைய வீடு வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, வில்லங்கமும் போட்டுப் பார்க்கிறார் அல்லவா? கிட்டாருக்கு வில்லங்கம் போட்டுத் தர இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன.

எண் சொல்வதும் சொல்லாததும்

ஃபெண்டர் கிட்டார்களில் 1976 வரை எண் பெரும்பாலும் நான்கு ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்ட அந்தப் பின்புறத் தகட்டில்தான் இருந்தது. தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் தொழிற்சாலையில் இல்லை. கைக்கு வந்தது பொருத்தப்பட்டது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு வேறொரு கிட்டாருக்குப் போய்விடும். 1976-க்குப் பிறகு எண் கழுத்தின் தலைப்பகுதிக்கு இடம் மாறியது. எஸ் என்றால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள், இசட் என்றால் இரண்டாயிரங்கள். முன்னால் எம் சேர்ந்தால் மெக்ஸிகோ தயாரிப்பு. அதே வடிவக் கிட்டாரை ஃபெண்டர் 1982 முதல் ஜப்பானிலும், பிறகு கொரியாவிலும் செய்வித்தது. எண்பதுகளின் இறுதியில் ஸ்குவையர் என்ற அதன் மலிவு விலை வரிசையில் சில இந்தியாவிலும் தயாராயின. நாட்டின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு அமெரிக்கத் தயாரிப்பு என்று விற்பது பழைய தந்திரம்.

இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனின் எண்ணில் கணக்கு இன்னும் சுவையானது. 1977-இலிருந்து 2005 வரை பெரும்பாலான கிப்சன்களில் எட்டு இலக்க எண், தலையின் பின்புறம் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 8-உம் 5-உம் சேர்ந்து 1985. நடுவில் 276, அதாவது அக்டோபர் 3. கடைசி மூன்று இலக்கம் 501. மிச்சிகனின் கலமாசூ ஆலையும் டென்னசியின் நாஷ்வில் ஆலையும் சேர்ந்து இயங்கிய காலத்தில் 500-இலிருந்து தொடங்கும் எண்கள் நாஷ்வில்லுக்கு ஒதுக்கப்பட்டன. நடுவில் 412 என்று இருந்தால்? ஆண்டுக்கு 412 நாள் கிடையாது. போலி செய்தவர் காலண்டரைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

எண் கணக்கோடு பொருந்தினாலும் நிம்மதி அடைய முடியாது. போலி செய்கிறவர்கள் உண்மையான கிட்டாரின் எண்ணையே நகல் எடுக்கிறார்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் தேடினால் அப்படி ஓர் எண் இருப்பது தெரியும். நம் கையில் இருப்பதுதான் அந்தக் கிட்டாரா என்பது தெரியாது. 2024-இல் அமெரிக்கச் சுங்கத் துறை லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகப் பகுதியில் ஆசியாவிலிருந்து கடல்வழி வந்த 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன்களைப் பிடித்ததாக அறிவித்தது. அசலாக இருந்தால் அவற்றின் விலை 1.8 கோடி டாலருக்கு மேல். இந்த அளவில் தொழில் நடக்கும்போது எண் அச்சடிப்பது ஒரு பெரிய வேலையே இல்லை.

திறந்தால் தெரியும்

வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஒரு குறியீடு இருக்கும். உதாரணத்துக்கு 1376633. முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆக இது 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரம், ஆகஸ்ட் நடுப்பகுதியில் செய்த உறுப்பு.

இதைக் கொண்டு கிட்டாரும் 1966 என்று முடிவுகட்டக் கூடாது. ஃபெண்டர் 1966-இல் இந்த உறுப்பை மொத்தமாக வாங்கிக் குவித்து, அடுத்த சில ஆண்டுகளுக்கு அதையே பயன்படுத்தியது. எனவே குறியீடு சொல்வது ஒன்றுதான்: இந்தக் கிட்டாரின் மின் இணைப்பு 1966 ஆகஸ்டுக்கு முன் முடிந்திருக்க முடியாது. இப்படி ஒவ்வொரு உறுப்பும் ‘இதற்கு முன் அல்ல’ என்று மட்டும்தான் சொல்லும். 1964 கிட்டார் என்று விலை சொல்லும் ஒன்றில் இந்த உறுப்பு இருந்தால், ஒன்று கிட்டார் 1964 அல்ல, அல்லது உறுப்பு பிறகு மாற்றப்பட்டது. இரண்டில் எது என்பதைப் பற்றவைத்த இடம் காட்டிக்கொடுக்கும். பழைய ஈயச் சால்டர் வழவழப்பாக, பழுப்பேறிய பளபளப்போடு இருக்கும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதன் பிறகு பரவிய ஈயமில்லாச் சால்டர் மங்கலாக, சொரசொரப்பாக உறையும். சேகரிப்பாளர்கள் ‘யாரும் தொடாத சால்டர்’ என்பதற்குத் தனி விலை கொடுப்பது இதனால்தான்.

அசலில் பிழையும் இருக்கும் என்பதற்குக் கிப்சனே சாட்சி. சத்தத்தோடு சேர்ந்து வரும் இரைச்சலை இரண்டு சுருள்களால் ரத்து செய்யும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்னாக்கும் உறுப்பு) அந்நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது. அதுவரையிலும், அதன் பிறகு சில ஆண்டுகளும் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற சீட்டு ஒட்டப்பட்டது. பிறகு சீட்டில் எண் வந்தது: 2,737,842. அது பிக்கப்பின் காப்புரிமை எண்ணே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பால் கண்டுபிடித்த, கம்பிகளின் முனையைப் பிடிக்கும் பாகத்துக்கு உரியது. பிக்கப்பின் எண் 2,896,491. அந்தக் காலத்துச் சீட்டில் ‘சரியான’ எண்ணை அச்சிடும் போலிக்காரர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

செம்புக் கம்பியும் சென்னை வெயிலும்

கிட்டாரைத் திறக்க விற்பவர் தயங்கினால், ஒரு சாதாரண மல்டிமீட்டர் உதவும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்தான். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதி இது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப்பில் 0.063 மில்லிமீட்டர் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அதன் மின்தடை வழக்கமாக 5,500 முதல் 6,500 ஓம் வரை.

கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மீட்டரை வைத்தால் போதும். பிக்கப்போடு வால்யூம் உறுப்பின் 2,50,000 ஓம் பக்க இணைப்பில் இருப்பதால், உண்மை அளவைவிட இரண்டு சதவீதம்போலக் குறைத்துக் காட்டும். வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். 20 டிகிரியில் 6,000 ஓம் காட்டிய பிக்கப், 35 டிகிரி சென்னை அறையில் ஏறத்தாழ 6,350 காட்டும். இதைப் பார்த்து ‘மாற்றிய பிக்கப்’ என்று சண்டை போட வேண்டாம். 12,000 காட்டினால் கேள்வி கேட்கலாம். யாரோ மறுபடி சுற்றியிருக்கிறார்கள் அல்லது வேறு பிக்கப் போட்டிருக்கிறார்கள். மீட்டர் 2,50,000 ஓம் பக்கம் காட்டினால் பிக்கப்பின் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

வெளுத்த இடம், வெளுக்காத இடம்

1960-கள் வரையிலான அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசினார்கள். காலப்போக்கில் இது மஞ்சளேறும், இளக்கம் போய் நொறுங்கும் தன்மை வரும். ஈரத்தில் மரம் உப்புகிறது, வறட்சியில் சுருங்குகிறது. உடன் நெளிய முடியாத லாக்கரில் விரிசல் ஓடுகிறது. அசல் விரிசல் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. பிளேடால் கீறிய போலி விரிசல் நேராக, ஒரே இடைவெளியில் நிற்கும். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால், பழைய நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிறகு பூசிய இடம் அப்படி ஒளிராமல் திட்டாகத் தனித்துத் தெரியும். கிப்சனில் இந்த விளக்கு முதலில் போக வேண்டிய இடம் தலையும் கழுத்தும் சேரும் வளைவு. அங்கே தலை 17 டிகிரி சாய்ந்திருப்பதால் மர இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டின் நட்டுக்காகவும் மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் உடைவது அங்கேதான். ஒட்டி மறைத்த உடைசல் விலையைப் பெரிதும் இறக்கிவிடும்.

சூரிய ஒளியும் ஒரு தேதியைப் பதித்துவிட்டுப் போகிறது. 1958 முதல் 1960 வரை வந்த கிப்சனின் சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்களில் பூசிய சிவப்புச் சாயம் வெயிலுக்குத் தாங்காது. பல கிட்டார்கள் தேன் நிறத்துக்கும் எலுமிச்சை நிறத்துக்கும் வெளுத்துவிட்டன. ஆனால் பிக்கப்பைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினால் அடியில் ஒளி படாத சிவப்பு அப்படியே இருக்க வேண்டும். வெளுத்த நிறத்தையே நேராகப் பூசிய போலியில் சட்டத்துக்கு அடியிலும் அதே வெளுப்பு!

1959 முதல் 1965-இன் தொடக்கம் வரை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முகத்தில் இருந்த வெள்ளைத் தகடு செல்லுலாய்டு. அதில் உள்ள நைட்ரோசெல்லுலோஸுக்கு இளக்கம் தரச் சேர்ப்பது நம் பூஜையறைக் கற்பூரம்தான். திறந்து வைத்த கற்பூரம் கரைந்துபோவதுபோல இந்தத் தகட்டிலிருந்தும் அது மெல்ல ஆவியாகும். தகடு சுருங்கும், ஸ்க்ரூத் துளைகள் இழுபடும், வெள்ளை இளம்பச்சையாக மாறும். விளிம்பை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றிய பிளாஸ்டிக்கில் அந்த வாசனைக்கு வழியில்லை.

மரத்தின் ரேகை

விரல் பதிக்கும் பலகைக்கு 1960-களின் நடுப்பகுதி வரை பிரேசில் ஈட்டி மரமே பெரிதும் பயன்பட்டது. அது அருகியபோது அமெரிக்க ஆலைகள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி பக்கம். பிரேசில் மரம் 1992-இல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏறியது. தோதகத்தியும் அதன் இனத்து மற்ற மரங்களும் 2017-இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. இந்த இரண்டாம் பட்டியல் மரங்களில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்குக் கிடைத்தது. ஆகவே பிரேசில் பலகை உள்ள கிட்டாரை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர் அனுமதிச் சீட்டுகளை முதலில் கேட்க வேண்டும். இரண்டு மரத்தையும் கண்ணால் பிரிப்பது கடினம். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் தடய ஆய்வகம் சிறு சீவலை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து வேதிக் கையெழுத்தைப் படிக்கிறது.

மரத்தின் வரிகள் இதைவிட எளிய சான்று. கனடா பாடகர் ராண்டி பாக்மனின் 1957 கிரெட்ச் கிட்டார் 1976-இல் டொராண்டோவில் களவு போனது. 2020-இல் ஒரு ரசிகர் பழைய காணொளியில் தெரிந்த மர வரிகளையும் விளிம்பருகே இருந்த சிறு முடிச்சையும் இணையத்தில் கிடைத்த கிட்டார் படங்களோடு ஒப்பிட்டுத் தேடி, அது டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2022 ஜூலை 1 அன்று கிட்டார் பாக்மன் கைக்குத் திரும்பியது. எண்ணைச் சுரண்டலாம், தகட்டை மாற்றலாம். மர வரியை மாற்ற முடியாது. வாங்கும் கிட்டாரை அன்றே நல்ல வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து வைப்பது நாளைய காப்பீடு.

வாங்கப் போகும்போது

இத்தனையும் லட்ச டாலர் கிட்டாருக்கு மட்டும்தானா? முப்பதாயிரம் ரூபாய்க்குப் பழைய மெக்ஸிகோ ஃபெண்டர் வாங்குகிறவருக்கும் முறை இதேதான், ஆழம்தான் குறைவு. முதலில் விற்பவர் சொல்வதை ஆண்டு, நாடு, மாற்றிய பாகங்கள் என்று எழுதி வாங்குங்கள். பிறகு அளவு நாடா. தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டித்தால் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 648 மில்லிமீட்டர் வர வேண்டும். அடுத்தது எண், அதன் பின் மீட்டர், விளக்கு. கடைசியில் ஸ்க்ரூ டிரைவர். உங்கள் எதிரிலேயே திறந்து காட்ட மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.

பாகம் மாறியிருப்பதே குற்றம் என்றும் எண்ண வேண்டாம். 0001-உடன் அதே நாளில் ஏலம் போன கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்து பலமுறை மாறியது, பிக்கப் மாறியது, உடலில் வெட்டிய துளை அடைக்கப்பட்டது, கறுப்பு நிறமே பின்னால் பூசியது. போன விலை 39.75 லட்சம் டாலர். ஒவ்வொரு மாற்றமும் பதிவாகி, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மறைத்த மாற்றம்தான் மோசடி.

எத்தனை பாகம் ஒத்துப்போனாலும் ஒரு கிட்டார் அசல் என்று முழுக்க நிரூபித்துவிட முடியாது. பொருந்தாத ஒரே ஒரு பாகம் போதும், சொன்ன கதை பொய் என்று காட்ட. ஆகவே வாங்கப் போகிறவரின் வேலை விற்பவர் கதையை நம்புவதற்குக் காரணம் தேடுவது அல்ல, அதை உடைக்கப் பார்ப்பது. எத்தனை முயற்சிக்கு அது உடையாமல் நிற்கிறதோ, அந்த அளவுக்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.