இறைச்சிக்குப் புகையூட்டலும் கொல்லைப்புற அடுப்பும்

புகையூட்டல் என்னும் சொல் செவியிற் பட்டவுடன், தமிழ் பயிலும் எம்மனோர்க்கு அகிற்புகை ஊட்டிய கூந்தலே நினைவிற்கு வரும். வகுப்பு நண்பர் ஒருவரிடம், “மலருக்குப் புகையூட்டலைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன்,” என்று கூறியபோது அவர் மிக மகிழ்ந்தார். யான் எழுதப் புகுந்தது கூந்தலைப்பற்றியன்று, கோழியைப்பற்றி என்று அறிந்ததும் அவர் முகம் வாடிற்று. எனினும் கோழியும் ஆராய்ச்சிக்குரிய பொருளே என்பது என் துணிபு. அவ்வாராய்ச்சிக்கு எங்கள் வீட்டார் ஐந்து கிலோ இறைச்சியை விலையாகக் கொடுத்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

இறைச்சியைக் கெடாது வைத்துக்கொள்ளும் கலை நமக்குப் புதியதன்று. எங்கள் திருவள்ளூர் மாவட்டம் பண்டைத் தொண்டைநாட்டின் ஒரு பகுதி. அந்நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ‘வாடூன்’ என்னும் சொல் வருகின்றது. வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி, என்பது அதன் பொருள். பிற்காலத்தார் அதனையே உப்பும் மஞ்சளும் கூட்டிக் கயிற்றிற் கோத்து உலர்த்தி, உப்புக்கண்டம் என்றனர். எங்கள் பாட்டியார் இளமையில் விறகடுப்பிற்கு மேலே கயிறு கட்டி, வெயிலில் முக்காலும் உலர்ந்த கண்டங்களை அதில் தொங்கவிடுவாராம். நாள்தோறும் சோறு வேகும் புகையே அவற்றைக் காத்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் அக்கயிறும் போயிற்று. அதன்மேல் தொங்கிய கண்டமும் போயிற்று.

ஆயினும் நம் நாட்டில் இவ்வேலையில் முதலிடம் பெற்றது வெயிலே. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனும் இறாலும் உப்பிட்டு மணலிலும் பாயிலும் உலர்த்தப்படுதலைக் கண்டோர் இதனை உணர்வர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டுமே அவ்வெயில் நம்மைக் கைவிடுகின்றது. வெயிலை நம்ப இயலாத நாட்டார் புகையை நம்பினர். ஸ்காத்லாந்து, நார்வே முதலிய குளிர்நாடுகளில் மீனுக்குப் புகையூட்டல் பெருந்தொழிலாய் வளர்ந்தது. நாகாலாந்து, மிசோரம் ஆகிய மலைநாடுகளில் பன்றியிறைச்சி அடுப்பின் மேலுள்ள பரணில் நாட்கணக்காய்த் தொங்கும். மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிப் பின் வெயிலிலும் இட்டு மாசியாக்குகின்றனர். கட்டைபோல் இறுகிய அம்மாசி தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் வந்து குழம்பிலும் சம்பலிலும் சேர்கின்றது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இபன் பதூதா என்னும் யாத்திரிகர் இதன் செய்முறையைத் தம் நூலிற் குறித்துள்ளார். கரீபியக் கடலில் கொள்ளையடித்துத் திரிந்த ‘பக்கனீர்’ என்போரின் பெயருங்கூட, இறைச்சியைப் புகைமேல் வாட்டும் மரச்சட்டத்தைக் குறிக்கும் ‘புகான்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. கடற்கொள்ளையர்க்குப் பரணாற் பெயர் வந்தது வியப்பன்றோ!

இனி, புகை என்ன செய்கின்றது என்பதை நோக்குவோம். விறகு சுடர்விட்டு எரியாமல் கனன்று புகையும்போது, அதன் நார்ப்பொருளும் மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளும் சிதைந்து பலவகை ஆவிகளாய் எழுகின்றன. அவற்றுள் பீனால் வகைகள் மணத்தைத் தருவதுடன் கொழுப்புச் சிக்கடித்துப் போகாமலுங் காக்கின்றன. புளித்தன்மையுள்ள ஆவிகளும் பார்மால்டிஹைடும் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இவையெல்லாம் இறைச்சியின் மேற்புறத்தளவிலேயே நின்றுவிடும், உள்ளே செல்லா. உள்ளே காப்பது உப்பும், ஈரம் குறைதலும், வெப்பமுமே. பாட்டியாரின் கண்டம் மாதக்கணக்கிற் கெடாதிருந்தது புகையால் மட்டுமன்று. அது விறகுபோல் உலர்ந்திருந்தமையால். இக்காலத்தார் விரும்பும் மெத்தென்ற புகையிறைச்சியோ நீர் நிறைந்தது. அதனைக் கண்டம்போல் எண்ணி வெளியே தொங்கவிடுவோர் நோயை விலைகொடுத்து வாங்குவோராவர். அஃது 3, 4 நாட்களுக்குள் உண்ணத்தக்கது. அதுவும் குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான்.

புகையூட்டல் இருவகைப்படும். தண்புகை என்பது 30 பாகை சென்டிகிரேடுக்குட்பட்ட புகை. அதில் இறைச்சி வேகாது. வெம்புகை என்பது 100 முதல் 120 பாகை வரையுள்ள புகை. அதில் இறைச்சி மெல்ல வெந்துகொண்டே மணம் பெறும். கும்மிடிப்பூண்டியில் சித்திரை மாதத்து நிழலே 30 பாகையைக் கடந்து நிற்கின்றது. ஆதலால் தண்புகை நமக்கு உரியதன்று. வேகாத இறைச்சியை வெதுவெதுப்பான புகையில் நெடுநேரம் வைத்தல் நுண்ணுயிர்க்கு விருந்திடுதலேயாம். காற்றுப் புகாத இடத்தில் வளரும் பொட்டுலினக் கிருமியின் நஞ்சு உயிரையே போக்க வல்லது. நூலில் படித்தோ படம் பார்த்தோ தண்புகையை முயல நினைக்கும் நண்பர் இதனைக் கருதுக.

இனி ஐந்து கிலோவின் கதை. எங்கள் தாய்மாமன் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை செய்பவர். இரும்பை வளைத்து எதையும் செய்யவல்லவர். சென்ற கிறிஸ்துமஸுக்கு முன் அவர் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வாங்கி வந்தார். அமெரிக்கர் பலர் இத்தகைய பீப்பாயையே புகையடுப்பாக ஆக்கிக்கொள்வர் என்று கேள்வியுற்றிருந்தார். கீழே காற்றுத் துளைகளும், நடுவே கம்பித்தட்டும், மேலே மூடியும் புகைபோக்கியும் மிக அழகாய் அமைத்தார். உட்புறத்தே பொன்னிறமான பூச்சொன்று இருந்தது. அதனை நீக்க மும்முறை விறகிட்டு எரித்தார். நான்காம் முறை மாட்டிறைச்சியும் கோழியுமாக ஐந்து கிலோவை உள்ளே வைத்தோம். ஆறு மணி நேரங் கழித்துத் திறந்தபோது நிறம் கண்ணைக் கவர்ந்தது. வாசனையோ பூச்சு மருந்தின் வாசனை. மாமா ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பாட்டியார் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “விறகை ஆராய்ந்தாய், பாண்டத்தை ஆராய்ந்தாயா? இதில் முன்பு என்ன இருந்தது?” என்று கேட்டார். மாமாவிற்கு விடை தெரியவில்லை. பெயர்ச்சீட்டு சுரண்டப்பட்டிருந்தது. இறைச்சியை நாய்களும் தோண்டாத ஆழத்திற் புதைத்தோம். பண்டிகைக்கு முட்டைக்குழம்பு.

அன்று தொட்டே யான் இப்பொருளைப்பற்றி வினவலும் படித்தலும் செய்யலானேன். எங்கள் பகுதியைப் போன்ற தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாழ்வோர்க்குப் பழம்பீப்பாய் எளிதிற் கிடைக்கும் பொருள். பலர் அதில் தண்ணீரும் நிரப்புவர். கரைப்பான், சாயம், பூச்சிக்கொல்லி, அமிலம் எது இருந்ததென்று அறியாத பீப்பாயை எத்தனை முறை எரித்தாலும் உணவிற்குத் தகுதியாக்கிவிட முடியாது. உட்பூச்சு ஒரு வகைப் பிசின்; அது வெப்பத்திற் கருகி ஆவியாகும். மிச்சம் இருந்த பீப்பாயை வெட்டும்போதும் பற்றவைக்கும்போதும் அது வெடித்து உயிர் போவதும் உண்டு. மாமா அதனை அறிந்து நீர் நிரப்பிய பின்னரே வெட்டினார் என்பதை அவர் சார்பில் கூறியாகல் வேண்டும். துத்தநாகம் பூசிய தகரமும் ஆகாது. மிகுந்த சூட்டில் அப்பூச்சிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைப்போர் அதனை நன்கறிவர். பழைய குளிர்ப்பெட்டியின் கம்பித்தட்டைச் சிலர் எடுத்துப் பயன்படுத்துவர். அதன் பூச்சு இன்னதென்று தெரியாதபோது அதனையும் விலக்குக.

அங்ஙனமாயின் எதனைத் தேர்வது? கடையில் விற்கும் அடுப்புக்களுள் முட்டை வடிவான மூடியுள்ள உருண்டை அடுப்பு 1952-இல் சிகாகோ நகரத்தருகே ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் மிதவை செய்யும் இரும்புக் கோளத்தை இரண்டாகப் பிளந்து ஆக்கியது. சிறு குடும்பத்திற்கு அது போதும். நெருப்புப் பெட்டி பக்கத்தே தனித்திருக்கும் நீண்ட அடுப்பு பார்வைக்குக் கம்பீரமானது; ஆனால் மெல்லிய தகட்டாற் செய்த மலிவான அடுப்பில் வெப்பம் நில்லாது, நாள் முழுதும் அருகே அமர்ந்து விறகிட வேண்டும். மின்சார அடுப்பு வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும். மின்தடை உள்ள நாளில் அது வெறும் பெட்டி. என் கருத்தில், வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது விலையையும் பளபளப்பையும் அன்று. காற்று புகும் வழியையும் புகை வெளிச்செல்லும் வழியையும் நம் விருப்பப்படி திறக்கவும் மூடவும் இயலுமா, மூடி இறுகப் பொருந்துமா, தகடு கனமுள்ளதா என்னும் மூன்றே. 1939-இல் ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரத்து டாரி ஆராய்ச்சி நிலையத்தார் புகழ்பெற்ற சூளையை அமைத்தபோது அவர்கள் பெரிதும் முயன்றதும் புகையோட்டத்தை ஒரு நிலையில் அடக்குதற்கே. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீனுக்கான புகைச்சூளைகளை ஆக்கியுள்ளது.

புகையை அடக்கி ஒருவழியே செலுத்தும் கலையை எங்கள் மாவட்டத்து இருளர் நெடுங்காலமாய் அறிவர். மண்பானையில் தழையை இட்டுக் கனலச்செய்து, வாயால் ஊதி எலிவளைக்குட் புகையைச் செலுத்துவர். ஊதுவோர் நெஞ்சிற்கு அது பெருங்கேடாதலின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கையாற் சுழற்றும் எஃகுக் கருவி அவர்களுக்கு அளிக்கப்பட்டது. மண்பாண்டமே நமக்கும் ஏற்றது என்று எனக்குத் தோன்ற அவர்கள் பானையும் ஒரு காரணம். பூச்சில்லாத பெரிய மண்தொட்டியும் அதற்கேற்ற மூடியுமிருந்தால் ஒரு கோழிக்கு அதுவே போதும். ஆனால் முதல் நாளில் தீயை மெல்ல ஏற்றாவிடில் விரிசல் விடும். எங்கள் மாமா இறுதியிற் செய்தது செங்கல் அடுப்பு. திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கற்சூளைக்குக் குறைவில்லை. சிமெண்டு சாந்து சூட்டில் வெடிக்குமாதலால் களிமண் சாந்து கொண்டு, தாழ்வான நெருப்பறை ஒன்றும், அதிலிருந்து சிறு கால்வாய் வழியே புகை ஏறிவரும் இறைச்சியறை ஒன்றும் கட்டினார். கம்பித்தட்டு புதிய எவர்சில்வர். நெருப்பு நேரே கீழே இல்லாமையால் கொழுப்பு அதில் சொட்டுவதில்லை. இது பெரும் நன்மை. காரணம் பின்னே வரும்.

விறகைப்பற்றி இரண்டொரு சொல். மா, கொய்யா, பலா, புளி ஆகிய மரங்களின் நன்கு உலர்ந்த விறகு சிறந்தது. சவுக்கு எங்கள் கடற்கரை ஓரத்தே மிகுதி. இலையைக் கண்டு அதனைப் பைன் மரத்தோடு சேர்த்தெண்ண வேண்டா, அது கடின மரமே, நல்ல கனலைத் தரும். வேம்பு கசக்கும், தைலமரத்தின் மணம் உணவிற்கு ஒவ்வாது, அரளி நஞ்சு. பிசின் வடியும் பைன் முதலியன கரியைப் பூசும். தொழிற்சாலைகளிலிருந்து விறகாக வரும் பெட்டிப் பலகையும் சுமைச்சட்டமும் எங்கள் பகுதியில் மலிவு. ஏற்றுமதிச் சட்டங்களில் ஒரு முத்திரை இருக்கும்: ‘எச்.டி.’ எனில் சூட்டாற் பக்குவப்பட்டது, ‘எம்.பி.’ எனில் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவாற் பக்குவப்பட்டது. முத்திரை எதுவாயினும், அதன்மேல் என்ன சிந்திற்று என்று யாருக்குத் தெரியும்? பீப்பாயின் வினாவே இங்கும்.

செய்முறை எளிது. கோழியை ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு வீதம் கரைத்த நீரில் இரவு முழுதும் குளிர்ப்பெட்டியிலேயே ஊறவைத்து, காலையில் எடுத்து ஈரம் போகத் துடைத்து, மேற்புறம் சற்று உலரும்வரை விடுக. ஈரத்தோலிற் புகை படிந்தால் கசக்கும். அடுப்பு 110 பாகையை அடைந்தபின் வைக்க வேண்டும். நாற்புறமும் வெண்புகை கொப்பளித்தால் தீக்குக் காற்றுப் போதவில்லை என்பது பொருள். மெல்லிய நீலப்புகையே நற்புகை. நான்கு மணி நேரத்திற்குள் இறைச்சியின் நடுப்பகுதி 60 பாகையைத் தாண்டிவிடல் வேண்டும். கோழி 74 பாகையில் முடிந்தது. ஆதலால் அடுப்பு வாங்குவோர் முதலில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்குக. வெட்டியபின் ஓரத்தே செந்நிற வளையம் கண்டு வேகவில்லை என்று அஞ்ச வேண்டா. புகையிலுள்ள வாயுக்கள் ஊனின் நிறப்பொருளோடு சேர்வதால் அது தோன்றுகின்றது. எந்த அடுப்பையும் வீட்டினுள்ளோ மூடிய கொட்டகையிலோ மூட்டலாகாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

கொழுப்பு நெருப்பிற் சொட்டினால் பென்சோபைரீன் முதலிய புற்றுநோய்ப் பொருள்கள் எழுந்து இறைச்சியிற் படியும். ஐரோப்பியர் புகையிறைச்சியில் அதன் அளவை 2014 முதல் கிலோவிற்கு 2 மைக்ரோகிராமுக்கு மேற்படாதென வரையறுத்துள்ளனர். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கவல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் வகைப்படுத்திற்று. எனவே இது பண்டிகை உணவு, அன்றாட உணவன்று. எங்கள் வீட்டில் ஆண்டிற்கு மூன்று நான்கு முறை என்று வைத்துள்ளோம்.

எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் நாகாலாந்து அண்ணன் ஒருவர் புதிய அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “எங்கள் ஊரில் இதற்கென்று அடுப்பே கிடையாது, தம்பி, சமையலறையின் கூரைதான் அடுப்பு,” என்றார். உயிர்த்தெழுதல் பண்டிகையன்று அவர் கொணர்ந்த பன்றியிறைச்சியும் எங்கள் கோழியும் ஒரே தட்டில் வெந்தன. பழைய பீப்பாயை மாமா அடி வெட்டிக் கொல்லையின் மூலையில் மண் நிரப்பி நிறுத்தினார். அதில் எதனை நடுவதென்று வீட்டில் வழக்கு எழுந்தது. காய்கறி வேண்டா என்று பாட்டியார் தடுத்தார். இப்பொழுது அதில் அரளி பூத்திருக்கின்றது.