தேனிலவும் ஒரு பெருநூலும்

ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் இந்துமாக்கடல். காற்றாலைகள் சுழலும் மாம்புரிக் கரையில் நாம் நின்றிருந்தோம். தொலைதேசத்துப் புதுமணத் தம்பதியர் இருவர் மணலில் நடந்து சென்றனர். உலகைச் சுற்றும் தேனிலவால் விளையும் பயன் யாது என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எழுந்தது.

அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1902இல் இங்கிலாந்தில் எதெல் மேரி என்னும் நங்கையை மணந்தார். விரைவில் இருவரும் இலங்கைக்கு வந்தனர். கனிப்பொருளாய்வுக்காகக் கணவர் ஊர்தோறும் சென்றார். மனைவியும் உடன் சென்றார். கம்மியரின் கைத்திறனைக் கண்டு கணவர் எழுதினார். மனைவி புகைப்படம் எடுத்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அப்பெருநூல் 1908இல் வெளிவந்தது.

அவர்தம் இல்லறமோ நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அப்பயணம் வீண்போகவில்லை. அந்நூல் இன்றும் நிற்கிறது. அம்மையாரும் பிற்காலத்தில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்மிக்க நெசவுக் கலைஞராகத் திகழ்ந்தார்.

பயணம் அறிவைத் தரும். அன்பை நாமே பேண வேண்டும். மணமக்களே! செல்லும் ஊரைக் கண்குளிரக் காணுங்கள். உடன் வருபவரின் முகத்தையும் நாள்தோறும் காண மறவாதீர்கள்.