அப்டேட் பாதியில நிக்குதா? ஃபேக்டரி ரீசெட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போனுக்குப் புது ஓ.எஸ். வந்துவிட்டது என்று நோட்டிஃபிகேஷன். ஆசையா 'டவுன்லோட்' பட்டனை அமுக்கினா, 'இன்னும் 4 மணி நேரம்' என்கிறது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் 9 மணி நேரம். அப்புறம் எரர்! உடனே ஒரு ஃப்ரெண்ட் வருவான். "ஃபேக்டரி ரீசெட் பண்ணிடு மச்சான், சரியாயிடும்." அதை மட்டும் செஞ்சுடாதீங்க. பேக்கப் எடுக்காத போட்டோ, வாட்ஸ்அப் சாட் எல்லாம் காலி. பிரச்னை மட்டும் அப்படியே இருக்கும். ஏன்னா, பல நேரங்களில் கோளாறு உங்கள் போனில் இல்லை. அப்டேட் ஃபைலை அனுப்பும் சர்வரில்.

2013 செப்டம்பர் 18-ம் தேதி ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 7-ஐ வெளியிட்டது. உலகமே ஒரே நேரத்தில் பட்டனை அமுக்க, நிறைய பேருக்கு 'அப்டேட் ஃபெயில்டு' மெசேஜ்தான் வந்தது. 2020 நவம்பர் 12-ல் மேக் கம்ப்யூட்டர்களுக்கு 'பிக் சர்' வந்த நாள் இன்னும் மோசம். 12 ஜி.பி. ஃபைல் பாதியில் நின்றது ஒரு பக்கம். அப்டேட் பக்கமே போகாதவர்களின் மேக்கிலும் ஆப்கள் திறக்காமல் இழுத்தடித்தன. ஒரு ஆப் நம்பகமானதுதானா என்று மேக், ஆப்பிள் சர்வரிடம் கேட்டுப் பார்க்கும். அந்த சர்வர் அன்று திணறிவிட்டது. நெட்டை ஆஃப் பண்ணினா ஆப் டக்குனு திறந்ததுதான் இதில் செம காமெடி!

இந்த நெரிசலைக் குறைக்கத்தான் ஃபைலைப் பல ஊர் சர்வர்களில் நகல் எடுத்து வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் முதலில் கொஞ்சம் போன்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று பிரித்து அனுப்புவதும் உண்டு. ஒரே மாடல் வச்சிருக்கிற ஃப்ரெண்டுக்கு வந்து உங்களுக்கு வரலைன்னா, காரணம் இதுவா இருக்கலாம்.

சரி, டவுன்லோட் நின்னுடுச்சு. கோளாறு யார் பக்கம்?

அதே வைஃபையில் யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், வேறொரு வைஃபையில் அப்டேட்டை முயற்சி செய்யுங்கள். அங்கேயும் நின்றால் சர்வர் மேல்தான் சந்தேகம். ஐபோன்காரர்கள் ஆப்பிளின் 'சிஸ்டம் ஸ்டேட்டஸ்' பக்கத்தைப் பார்க்கலாம். அங்கே கோளாறு என்று போட்டிருந்தால், போனை வச்சுட்டுத் தூங்கப் போங்க. விடிகாலையில் கூட்டம் குறைந்திருக்கும்.

சர்வர் நன்றாக இருந்தும் இறங்கவில்லையா? வி.பி.என்., விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட 'பிரைவேட் டி.என்.எஸ்.' இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். அப்டேட் சர்வரையே அவை மறித்திருக்கலாம். தேதி, நேரம் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா? கேம்ல சீக்கிரம் லைஃப் கிடைக்க தேதியை மாத்தி வச்சுட்டு மறந்துபோற ஆளுங்களைத்தான் சொல்றேன். தேதி தப்பாக இருந்தால், சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியானது என்று நினைத்து போன் இணைப்பைத் துண்டித்துவிடும். ஐபோனில் பாதி இறங்கிய ஃபைல் கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் போய் அந்த அப்டேட்டை டெலீட் செய்துவிட்டு மறுபடி இறக்குங்கள். போட்டோக்களுக்கு எதுவும் ஆகாது.

டவுன்லோடை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்ஸ்டால் ஆரம்பித்துவிட்டால் மட்டும் கை வைக்கக் கூடாது.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் டெலிகிராமில் வரும் 'அப்டேட் ஏ.பி.கே.'வை அமுக்கிடாதீங்க. எந்தக் கம்பெனியும் புது ஓ.எஸ்.ஸை ஏ.பி.கே. ஃபைலாக சாட்டில் அனுப்புவதில்லை. வர்றது வேற ஏதோ!