பழைய காரின் எஞ்சின்: சிறு செலவைத் தள்ளிப்போட்டால் பெரு நஷ்டம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் ஆரம்பமானபோதிலும், வரிகளின் காரணமாகப் புதிய வாகனங்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத விலையிலேயே உள்ளன. இருபது, முப்பது வருடங்களைக் கடந்த டொயோட்டா கொரோலா, நிசான் சனி போன்ற கார்களே எமது சகோதரர்கள் பலருக்கு இன்னமும் வீட்டு வாகனமாகவும் வியாபார வாகனமாகவும் உழைக்கின்றன. எஞ்சின் பற்றிய சில அடிப்படை விடயங்களை அறிந்திருந்தால் வீணான செலவுகளைத் தவிர்த்துக் கொள்ளலாம்.

வாங்க முன்னர்

எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே காரைப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சில குறைகள் வெளியில் தெரியாது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னரும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே செல்கின்றதா எனச் சந்தேகிக்க வேண்டும். ஒயில் மூடியைக் கழற்றினால் பால் கோப்பி நிறத்தில் பசை படிந்திருப்பதும் ஹெட் கேஸ்கட் பழுதின் அறிகுறியாகலாம்.

இவற்றை விடவும் உறுதியானது கம்ப்ரெஷன் பரிசோதனை. நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருப்பினும் எஞ்சின் வேலைக்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

பெல்ட்டா, செயினா?

110 வகைக் கொரோலாவின் 5ஏ எஞ்சினில் டைமிங் பெல்ட் உள்ளது. நிசான் எஃப்பீ 14, 15 சனி கார்களின் பெற்றோல் எஞ்சின்களில் செயின் உள்ளது. பெல்ட்டை ஏறத்தாழ 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே கருதுங்கள். 5ஏ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் கார் நடு வீதியில் நின்றுவிடும். டீசல் எஞ்சினிலோ பிஸ்டனில் வால்வ் மோதிப் பெரும் சேதம் ஏற்படும். பெல்ட்டை மாற்றும்போதே வோட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஒரே கூலியில் இரு வேலைகளும் முடிந்துவிடும்.

சூடேறுதல்

பழைய எஞ்சினின் பெரிய எதிரி அளவுக்கு மீறிய வெப்பமாகும். ஒரு சிறிய ஹோஸ் குழாய் வெடித்ததைக் கவனியாது ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். வெப்பமானி ஏறியவுடன் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

சில கராஜ்களில் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாவதால் எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் பாவித்தால் உட்பகுதி துருப்பிடிப்பதும் குறையும்.

உதிரிப்பாகங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதியதும் பாவித்ததுமாக எல்லாப் பாகங்களையும் தேடலாம். செசி இலக்கத்தையும் கழற்றிய பழைய பாகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கதவு, கண்ணாடி, லைட் என்பவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். ஆனால் டைமிங் பெல்ட், கேஸ்கட், ஒயில் சீல், ஃபில்டர் என்பவற்றைப் புதிதாகவே, நம்பிக்கையான கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்க வேண்டும்.

விற்பவரின் கடமை

புகையை மறைக்கத் தடித்த ஒயிலை ஊற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். நனைந்த தானியத்துக்கும் தேய்ந்த எஞ்சினுக்கும் இதில் வேறுபாடு கிடையாது. குறையைச் சொல்லி விற்றால் சில ஆயிரம் ரூபா குறையலாம், பரக்கத் குறையாது.