நடுக்கடலில் ஒரு பல் ஆஸ்பத்திரி

கேங்வே ஏணி ஆடியது, கூடவே நானும். தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற அந்தச் சரக்குக் கப்பலில் எல்லாரும் பார்க்க ஆசைப்படுகிற பிரிட்ஜ் எனும் கப்பலோட்டும் அறை எனக்கு வேண்டாம், மாடி மாடியாக நிற்கிற இன்ஜினும் வேண்டாம். மெஸ் ரூமில் நுழைந்ததுமே கேட்டுவிட்டேன்: "இங்க பல் டாக்டர் யாருப்பா?"

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு! அத்தனை விரலும் ஒரே ஆளைக் காட்டின. முப்பது வயதுகூட இருக்காது. கப்பலின் செகண்ட் மேட்.

நூறு பேரோ அதற்கு மேலோ இருந்து, மூன்று நாளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணம் போகிற கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. சரக்குக் கப்பலில் ஏறுவதே இருபது, இருபத்தைந்து பேர். அதனால் பாதை போட்டுக் கொடுக்கிற செகண்ட் மேட் கையிலேயே மருந்து அலமாரிச் சாவியும்.

"தெறந்து காட்டவா அண்ணாச்சி?"

கரும்பு தின்னக் கூலியா! டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. மூடியைத் திறந்தார் பாருங்கள், குப்பென்று பிரியாணி தாளிக்கிற வாசனை! கிராம்பு எண்ணெய். பக்கத்தில் வாய்க்கண்ணாடி, இடுக்கி, பஞ்சு, துத்தநாக ஆக்சைடு வெள்ளைப் பொடி. பொடியில் எண்ணெயைச் சொட்டுவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு குழைப்பதுபோலக் குழைத்து உருட்டினார். இதைச் சொத்தை ஓட்டையில் வைத்து அழுத்தினால் எச்சில் ஈரத்திலேயே இறுகிவிடுமாம். கிராம்பிலுள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும். எண்ணெய் ஈறில் ஒழுகினால் மட்டும் எரிச்சல் தாங்காது. "எங்க டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி, போசன், என் விரலக் கடிச்சிட்டார் அண்ணாச்சி!" தழும்பையும் காட்டினார். பிடுங்குகிற வேலை மட்டும் கிடையாது. அது கரைக்குப் போய்த்தான்.

சந்தேகம் வந்தால் கரையிலிருக்கும் டாக்டரைக் கேட்கலாம். ரோமில் 1935இலிருந்து இயங்கும் சிஐஆர்எம் மையம் எந்த நாட்டு மாலுமிக்கும் காசு வாங்காமல் யோசனை சொல்கிறது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? ரேடியோ புகழ் மார்க்கோனி! அன்றைக்கு மோர்ஸ் தந்தியில் போன பல்வலி இன்றைக்கு மெயிலில் போகிறது. ஒருவர் உதட்டை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடிக்க, மூன்றாமவர் போட்டோ எடுக்க, ஒரு கடவாய்ப்பல்லுக்கு ஒரு சினிமா யூனிட்டே வேலை செய்கிறது.

பல் ஏன் இப்படிக் கெடுகிறது? நம் செகண்ட் மேட்டுக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச் டியூட்டி. தூக்கத்தை விரட்ட சர்க்கரை தூக்கலாக டீ, தொட்டுக்கொள்ள பிஸ்கட். நாலேகாலுக்குக் கட்டிலில் விழுகிறவருக்கு பிரஷ் ஞாபகம் வருமா? கப்பலுக்குள் இருக்கும் வரியில்லாக் கடையான பாண்ட் ஸ்டோரில் கோலா பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். குழாயில் வருவதோ கப்பலிலேயே கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு அதில் இருக்காது. தண்ணீர்மேல் பழி போட நான் தயாரில்லை. பேஸ்ட்டில்தான் ஃப்ளோரைடு இருக்கிறதே, அது வாய்க்குள் போனால்தானே!

கிளம்பும்போது கேட்டேன்: "சரி தம்பி, ஒங்களுக்கே பல்வலி வந்தா?"

முகம் வெளுத்துவிட்டது. சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். கையில் கரண்டியோடு எட்டிப்பார்த்த சமையல்காரர் ஈயென்று இளித்தார். மேல்வரிசையில் இரண்டு பல்லைக் காணோம்.